குழந்தை நெஞ்சில் செல்போன்! சத்தம் மட்டும் கேட்டால் போதுமா?

நடுராத்திரி. குழந்தைக்குச் சளி, காய்ச்சல். நெஞ்சில் "கர்... கர்..." என்று சத்தம். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, விடியட்டுமா?" என்று தாய் தவிக்கிறாள். வீட்டுக்கு வீடு நடக்கும் கதை இது.

இதற்கும் செல்போன் வந்தாச்சு! போனின் மைக்கையோ, அதோடு சேரும் மின்னணு ஸ்டெதாஸ்கோப்பையோ நெஞ்சில் வைத்து மூச்சுச் சத்தத்தைப் பதிவு செய்யலாம். வெளியூர் டாக்டருக்கும் அனுப்பலாம்.

நல்ல காரியம்தான். 1816-ல் பாரிஸ் டாக்டர் லேனெக், ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் காது வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். குழந்தை டாக்டர் இல்லாத ஊரில், பயிற்சி பெற்ற கிராம சுகாதார நர்ஸ் கையில் இந்தப் போன் இருந்தால் பெரிய உதவி. அரசு யோசிக்கலாம்.

ஏமாறக் கூடாது

ஆனால் வீட்டில்? குழந்தை அழுதால், சட்டை உரசினால், ஃபேன் ஓடினால் பதிவு கெட்டுப்போகும். மூக்கடைப்பின் கரகரப்பே நெஞ்சுச் சத்தம் போலக் கேட்கும். நெஞ்சில் சத்தமே இல்லாமலும் நிமோனியா இருக்கும்! "போன்ல ஒண்ணும் கேக்கலே" என்று படுத்துத் தூங்கினால் ஆபத்து. உலகில் 5 வயதுக்குட்பட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை 2019-ல் மட்டும் பலி வாங்கிய நோய் அது.

கடிகாரம் போதும்!

அதே போனில் கடிகாரம் இருக்கிறதே! குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது.

மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? உதடு நீலமா? எண்ணிக் கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

செல்போனில் படம் பார்க்க மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது. பெற்ற பிள்ளையின் மூச்சை எண்ண ஒரு நிமிஷம் கிடைக்காதா?