பதினெட்டு ஆகற வரைக்கும் வேலைக்காரன் மட்டும்தானா?

எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான். பேரு வேண்டாம், காரமடைக்காரன்னு மட்டும் வெச்சுக்கோங்க. பத்தாவது லீவுல ஆரம்பிச்சு, மேட்டுப்பாளையம் ரோட்டுக் கடைகளுக்கு வெப்சைட் பண்ணிக் குடுக்கறான். நாலு கடை ஒழுங்கா முடிஞ்சுது. அஞ்சாவது கடைக்காரர் வேலையெல்லாம் வாங்கிட்டு, "ஏந்தம்பி, கம்பெனி பேருல பில்லு குடு, காசு போட்டுடறேன்"னாரு. வயசு 16. கம்பெனிக்கு அவன் எங்க போவான்? ஏழாயிரம் ரூவா இன்னைக்கு வரைக்கும் வரலை.

அவனுக்காகத்தான் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாத்தேன். பாத்ததுல ஆச்சரியம் பாதி, கடுப்பு பாதி :-)

முதல்ல அடிப்படை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மேஜர் ஆனவங்கதான் ஒப்பந்தம் போட முடியும். 18 வயசுன்னு சொல்றது 1875-ஆம் வருஷத்துச் சட்டம். ஆக, நம்மளைக் கட்டிப்போட்டிருக்கற கயிறு ரெண்டுமே மாட்டுவண்டி காலத்துது.

அதுக்கு மேல 1903-ல ஒரு தீர்ப்பு. கல்கத்தாவுல தர்மோதாஸ் கோஷ்னு ஒரு பையன், மைனரா இருக்கும்போதே சொத்தை அடமானம் வெச்சு வட்டிக்காரர்கிட்ட கடன் வாங்கறான். வழக்கு லண்டன்ல பிரிவி கவுன்சில் வரைக்கும் போகுது. மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்துல இருந்தே செல்லாதுன்னு தீர்ப்பு. அந்தப் பையனுக்கு அது பாதுகாப்பு. நியாயம்தான்.

ஆனா அதே கத்தி நம்ம பக்கமும் திரும்பும். 1949-ல பம்பாய் ஹைகோர்ட்ல ராஜ் ராணின்னு ஒரு மைனர் பொண்ணோட வழக்கு. சினிமாவுல நடிக்க அவங்க அப்பா தயாரிப்பாளரோட ஒப்பந்தம் போட்டார். அது பாதியில முறிஞ்சுது. நஷ்ட ஈடு கேட்டா, மைனரோட ஒப்பந்தமே செல்லாது, கேக்க முடியாதுன்னுட்டாங்க. காப்பாத்த வந்த சட்டமே காலை வாரி விட்ட கதை. நம்மாளு வேலையை முடிச்சுட்டான், அதனால வாதாட இடம் இருக்கு. ஆனா ஏழாயிரத்துக்கு எந்த அப்பா கோர்ட் ஏறுவாரு?

சரி, கம்பெனி? 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டப்படி பிரைவேட் கம்பெனிக்கு ரெண்டு பேர் போதும். ஆனா டைரக்டர் ஆக ஒரு நம்பர் வாங்கணும், அதுக்கு 18. மேனேஜிங் டைரக்டர் ஆகணும்னா 21. ஒரே ஆள் நடத்தற கம்பெனியில மைனர் உறுப்பினராவும் வரக்கூடாது, நாமினியாவும் வரக்கூடாதுன்னு விதியிலயே எழுதி வெச்சிருக்காங்க.

பெங்களூர் சுஹாஸ் கோபிநாத்தை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 2000-ல, ஸ்கூல் படிக்கும்போதே குளோபல்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சவர். இங்க பதிவு பண்ண முடியலைன்னு கலிபோர்னியாவுல சான் ஹோசேல பதிவு பண்ணினார். பையன் நம்ம பையன், பதிவு அமெரிக்காவுல! சென்னையில ஷ்ரவண் குமரன், சஞ்சய் குமரன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, பன்னெண்டு, பத்து வயசுலயே கோ டைமன்ஷன்ஸ்னு ஆரம்பிச்சு மொபைல் ஆப் பண்ணிப் பேர் வாங்கினாங்க. ஆக, திறமைக்கு வயசு தடையில்லை. கையெழுத்துக்குத்தான் தடை.

எனக்குக் கடுப்பு வர்ற இடம் இதுதான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல திருத்தினாங்க. 14 வயசுக்குக் கீழ வேலைக்கு வெக்கக் கூடாது. 14-ல இருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலையைத் தவிர மத்த வேலைக்கு வெக்கலாம். அதாவது 16 வயசுப் பையன் பேக்கரியில சம்பளத்துக்கு நிக்கலாம், துணிக்கடையில மடிச்சு அடுக்கலாம். ஆனா சொந்தமா ஒரு கம்பெனி வெக்க முடியாது. அடுத்தவனுக்கு உழைக்க வயசு பத்தும், தனக்கு உழைக்க மட்டும் பத்தாதா?

"அட, வெவரம் இல்லாத வயசு, கடன்ல மாட்டிக்குவாங்க"ன்னு சொல்வீங்க. உண்மைதான். அதைவிடப் பெரிய பயம் எனக்கு ஒண்ணு இருக்கு. டைரக்டர் வயசைக் குறைச்சா, பசங்க பேருல பினாமி கம்பெனி தொடங்க அப்பாக்களும் சித்தப்பாக்களும் வரிசையில நிப்பாங்க. அதனால கதவை முழுசா திறங்கன்னு நான் கேக்கலை. ஒருக்களிச்சுத் திறங்கன்னுதான் கேக்கறேன்.

இங்கிலாந்துல 2006-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி 16 வயசுல டைரக்டர் ஆகலாம். நாமளும் 16-ன்னு வெக்கலாம். கூடவே ஒரு பெரியவர் கட்டாயம் டைரக்டரா இருக்கணும். கடன் வாங்கக் கூடாது, ஜாமீன் கையெழுத்து போடக் கூடாது, வருஷ வியாபாரத்துக்கு ஒரு உச்சவரம்பு. பாதுகாப்பும் இருக்கும், கத்துக்கவும் முடியும்.

சட்டம் மாறற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டாம். இப்பவே செய்ய முடிஞ்சது:

1. அப்பா அம்மா டைரக்டரா இருந்து கம்பெனி தொடங்கலாம். முழுப் பணமும் கட்டின பங்குகளைக் காப்பாளர் மூலமா உங்க பேருல வெச்சுக்கலாம்.

2. 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, எல்லாப் பங்காளிகளும் சம்மதிச்சா லாபத்துல மட்டும் மைனரைச் சேத்துக்கலாம். நஷ்டம் வந்தா உங்க பங்கோட சரி, சொந்தச் சொத்துக்கு வராது. 18 ஆன பிறகு ஆறு மாசத்துக்குள்ள இருக்கறதா, விலகறதான்னு முடிவு பண்ணி அறிவிக்கணும். பேசாம இருந்தீங்கன்னா பங்காளி ஆயிட்டதா அர்த்தம். கவனம்!

3. பத்து வயசுக்கு மேல சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கி வழி விட்டிருக்கு. உங்க காசு உங்க கணக்குக்கே வரட்டும். சொந்தத் திறமையால சம்பாதிச்ச பணம் பெத்தவங்க வருமானத்தோட சேராது, வரிக் கணக்கும் தனி.

4. நீங்க எழுதின புரோகிராமுக்குக் காப்புரிமை உங்களுக்குத்தான், அதுக்கு வயசு வரம்பு இல்லை. எது யாரோடதுன்னு வீட்டுக்குள்ளயே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க.

கடைசி விஷயம் லேசா தெரியும், ஆனா அதுதான் முக்கியம். நம்ம பக்கத்துல தறியோ, பட்டறையோ, தோட்டமோ, எல்லாமே அப்பா பேருலதான் இருக்கும். பையன் பத்து வருஷம் உழைச்சாலும் "எங்கப்பா கம்பெனி"ன்னுதான் சொல்வான். பொண்ணா இருந்தா அதைச் சொல்லக்கூட இடமில்லை. ஆரம்பிச்சவங்க பேரு காகிதத்துல இருக்கணும்னு கேக்கறது திமிரு இல்லைங்க.

நம்மாளு இப்போ அவங்க அம்மா பேருல பில் புக் அடிச்சிருக்கான். "என்ன கம்பெனிடா?"ன்னு கேட்டேன்.

"அம்மா கம்பெனி. நான் அதுல வேலைக்காரன்"னு சிரிக்கறான்.

எனக்குச் சிரிப்பு வரலை.