எண்ணோடு அலகும் நேரமும் வரட்டும்

நாரா என்னும் தேசிய நீர்வாழ் வளங்கள் ஆராய்ச்சி, அபிவிருத்தி நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கு,

உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் அந்த வெள்ளம் மட்டக்களப்பு வாவியில் சேர்ந்து, முகத்துவாரம் வழியே கடலுக்குப் போகிறது. தண்ணீர் ஒன்றுதான், அளப்பவர்கள் பலர். குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. வாவியும் கடலும் உங்கள் ஆய்வுக்கு உரியவை. இவற்றை ஆராயக்கூடிய கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. குளத்தின் மட்டத்தை அடியில் சொல்கிறோம், கடல் மட்டத்தை மீற்றரில். எதிலிருந்து அளந்த அடி? மதகின் அடிமட்டத்திலிருந்தா, சராசரிக் கடல் மட்டத்திலிருந்தா? அளந்தவருக்குத் தெரியும், அவர் அனுப்பும் எக்செல் கோப்புக்குத் தெரியாது. இந்தத் தரவுகள் ஒரே நியமக் குறியீட்டு வடிவத்தில் கைமாற நாரா முன்கை எடுக்க வேண்டும்.

நேரத்தைப் போல் ஏமாற்றுவது வேறில்லை. 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. வாவியின் இரு கரைக்கும் இரு மணி இருந்த காலம் அது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் நடுங்கியபோது கொழும்பில் காலை 6.58. இன்றைய நேரப்படி கணக்கிட்டால் 6.28. ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றர் ஓடும் சுனாமி அலைக்கு அந்த அரை மணி 350 கிலோமீற்றர். 'நேரம்' என்று மட்டும் தலைப்பிட்ட பத்தி இதைச் சொல்லாது. குறியீட்டுக் கோப்பில் ஒவ்வோர் அளவும் தன் இடம், அலகு, அடிமட்டம், கருவி, உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு விலகல் என்பதையெல்லாம் தன்னோடு எடுத்து வரும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நீரளவுத் தொடர்களுக்கான வாட்டர்எம்எல் 2.0 என்ற எக்ஸ்எம்எல் நியமம் 2012 முதல் இருக்கிறது. ஓர் எண்ணுக்கு இத்தனை வரியா, கோப்பு வீங்காதா என்பார்கள். கப்பலும் செயற்கைக்கோளும் தரும் பெருந்தரவுக்கு அது நியாயமான கேள்வி. அதற்கு நெட்சிடிஎஃப் என்ற கச்சிதமான கோப்பு வடிவம் இருக்கிறது. மணிக்கொருமுறை எழுதும் குள மட்டமோ ஆண்டுக்கு 8,760 எண்கள்தான். கைபேசிப் படம் ஒன்றிரண்டின் அளவைத் தாண்டாது. தரவு கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் வேறு. கோப்பின் வடிவத்தை ஒன்றாக்குவது ஒரு முடிவு, அதை யார் பார்க்கலாம் என்பது இன்னொரு முடிவு. முதலாவதை ஏற்பதால் இரண்டாவது கைநழுவாது. கடலை அளக்கும் ஆர்கோ திட்டத்தில் பல நாடுகளின் ஏறத்தாழ 4,000 மிதவைகள் ஒரே வடிவத்தில் பேசுகின்றன. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மிதக்கவிட்ட மிதவையின் தரவை பிரான்ஸிலுள்ள ஆய்வுகூடம் விளக்கம் கேட்காமலே படிக்கிறது. இங்கே ஒரு மாவட்டத்துக்குள் அது முடியாதா?

பழைய கடதாசிப் பதிவுகள்தான் உண்மையான சிக்கல். 1996 முதல் 2006 வரையான பதிவில் எந்தக் கடிகாரம் என்று தெரியாவிட்டால், ஊகித்து நிரப்ப வேண்டாம். 'தெரியாது' என்றே குறியிடுங்கள். அதற்கும் நியமத்தில் இடமுண்டு.

வரும் மாரிக்கு முன்னர் உன்னிச்சை வான்கதவு திறக்கும் நேரம், வாவியின் உப்புத்தன்மை, முகத்துவாரத்து நீர்மட்டம் ஆகிய மூன்றையாவது இந்த வடிவத்தில் பரிமாற நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே மேசைக்கு அழையுங்கள்.