ஊராட்சிப் பணம் எங்கிருந்து வருகிறது?



2022 நவம்பர் மாதத்து அடைமழையில் நமது கிளைக் கிராமம் ஒன்றில் முதியவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்றிருந்தோம். கோவிலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே ஓர் ஓடை உண்டு. அதன்மேல் இருந்த சிறுபாலம் முந்திய ஆண்டு வெள்ளத்திலேயே இடிந்து போயிருந்தது. பெட்டியைச் சுமந்த இளைஞர் அறுவரும் முழங்காலுக்கு மேல் ஓடிய தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை சேர வேண்டியிருந்தது. நடு ஓடையில் ஒருவருக்குக் கால் வழுக்கிற்று. பெட்டி ஒருபுறம் சாய்ந்தது. கரையில் நின்ற பெண்கள் எழுப்பிய ஓலம் இன்னும் நம் செவியை விட்டு நீங்கவில்லை. அடக்கம் முடிந்ததும் இறந்தவரின் மூத்த மகன் ஊராட்சித் தலைவியைக் கடுஞ்சொற்களால் ஏசினார். “வருகிற பணமெல்லாம் எங்கே போகிறது?” என்று அவர் கேட்டபோது, கூடி நின்ற அனைவரும் அதையே கேட்பது போலிருந்தது. நாமும் மனத்துக்குள் அதையேதான் கேட்டோம்.

மறுவாரம் அத்தலைவி நம்மைக் காண வந்தார். அவர் நமது சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர்; ஆயினும் ஊர்ப் பேச்சு அவரைச் சுட்டிருந்தது. பாஸ் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் கையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “சாமி, பணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் அது குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று வந்த பணம். பாலத்துக்கு எடுத்தால் நாளைக்குத் தணிக்கையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்” என்றார்.

“அம்மா, அப்படி எழுதி அனுப்பியது யார்?” என்று கேட்டோம்.

“டில்லி, சாமி” என்றார்.

தத்துவமும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் பயின்ற நமக்கு, நம் வீட்டு வாசலில் எரியும் தெருவிளக்கின் பணம் எவ்வழியாக வருகிறது என்று தெரியாதிருந்ததை அன்று வெட்கத்தோடு உணர்ந்தோம். பின்னர் தேடிப் படித்து அறிந்தவற்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நமது அரசியல் அமைப்புச் சட்டத்தின் 280-ஆம் பிரிவு நிதிக்குழு என்றொரு அமைப்பை ஏற்படுத்தியுள்ளது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடியரசுத் தலைவர் அதனை அமைக்கிறார். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் மாநிலங்களுக்கு எவ்வளவு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அதன் வேலை. 1951-இல் முதற்குழு அமைந்தது. அன்று தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஊராட்சி என்ற சொல் அக்குழுவின் கடமைகளில் இடம்பெறவே இல்லை. தில்லிக்கு மாநிலங்களைத் தெரியும். நம் ஊரைத் தெரியாது. இதனை மாற்றியது 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மாநிலந்தோறும் ஒரு மாநில நிதிக்குழு, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என 29 பொருள்கள் ஆகியவற்றோடு, ஊராட்சிகளின் வருவாய்க்குத் துணை செய்யும் வழிகளையும் மத்திய நிதிக்குழு பரிந்துரைக்க வேண்டும் என்ற கடமையும் அப்போதுதான் சேர்ந்தது.

இங்கே ஒரு சிறு செய்தி. இந்நாட்டில் தல சுயாட்சிக்கு அடித்தளமிட்டவர் என்று போற்றப்படும் வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட தீர்மானத்தில், தல சபைகளில் அதிகாரிகள் அல்லாதாரே மிகுந்திருக்க வேண்டும் என்றும், அவற்றுக்கென வருவாய் இனங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் கூறினார். சென்னை மாநகராட்சிக் கட்டடம் தாங்கி நிற்பது அவர் பெயரையே. அவர் 1874-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பது நம் வாசகரில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். சபை இருந்தால் போதாது, அதன் கையில் காசும் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அக்காசுக்கு அரசியல் அமைப்பில் இடம் கிடைக்க மேலும் நூற்றுப்பத்து ஆண்டுகள் ஆயின!

கே. சி. பந்த் தலைமையிலான பத்தாவது நிதிக்குழுதான் முதன்முதலில் ஊராட்சிகளுக்கெனத் தொகை பரிந்துரைத்தது. அது கையாண்ட கணக்கு மிக எளியது: கிராமவாசி ஒருவருக்கு நூறு ரூபாய். எந்த ஆண்டின் கிராமவாசி? 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்! 1995-க்குப் பின் வழங்கப்பட வேண்டிய பணத்தைக் கால் நூற்றாண்டுக்கு முந்திய தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். மக்கட்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனால் நட்டப்படக் கூடாது என்பதற்காகவே பழைய கணக்கு கையாளப்பட்டு வந்தது. காரணம் நியாயமானதே. பின்வந்த பதினான்காவது, பதினைந்தாவது குழுக்கள் 2011-ஆம் ஆண்டுக் கணக்குக்கு மாறின. மாநிலங்களுக்கிடையே உள்ளாட்சி மானியத்தைப் பிரிப்பதற்கு மக்கட்தொகைக்கு 90 விழுக்காடும் நிலப்பரப்புக்கு 10 விழுக்காடும் மதிப்புத் தந்தன. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாமையால், 2011-க்குப் பின் புது மனைகளும் குடியிருப்புகளும் பெருகிய ஊர்களின் புதிய தலைகள் இந்தக் கணக்கில் ஏறவே இல்லை. ஓர் ஊரில் எத்தனை தெரு இருளில் கிடக்கிறது, எத்தனை பாலம் இடிந்து கிடக்கிறது என்பதையெல்லாம் கேட்டறிந்து தில்லி பணம் அனுப்புவதில்லை என்பதை நாம் முதலில் மனத்தில் பதிக்க வேண்டும். அது தலையை எண்ணுகிறது, பரப்பை அளக்கிறது, அவ்வளவே.

என். கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்குக் கிராமப்புற உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. எண்ணைக் கண்டு மலைக்க வேண்டா. 2011 கணக்குப்படி நாட்டின் கிராம மக்கள் ஏறத்தாழ 83 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 570 ரூபாய். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்! இரண்டாயிரம் பேர் வாழும் ஊருக்குச் சராசரியாக ஆண்டுக்குப் பதினொன்றரை லட்சம் எனக் கொள்ளுங்கள். இதில் மாவட்ட ஊராட்சிக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் பங்கு இருந்தது. கிராம ஊராட்சிக்கு 70 முதல் 85 விழுக்காடு வரை தரலாம் என்பது அக்குழுவின் விதியாக இருந்தது. 80 என்று வைத்தால் ஊருக்கு மிஞ்சுவது ஒன்பது லட்சம். இது நாட்டுச் சராசரி. ஒவ்வோர் ஊருக்கும் இதே தொகை வந்தது என்பதன்று.

இனித் தலைவி சொன்ன தடைக்கு வருவோம். அந்த ஒன்பது லட்சத்தில் 60 விழுக்காடு, அதாவது ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டே காரியங்களுக்கு உரியதாக இருந்தது. பாதி சுகாதாரத்துக்கு, மறுபாதி குடிநீர், மழைநீர் சேமிப்பு, கழிவுநீர் மறுபயன்பாடு ஆகியவற்றுக்கு. எஞ்சிய 40 விழுக்காட்டைத்தான் ஊர் தன் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது; அதிலும் சம்பளம், அலுவலகச் செலவு ஆகியவற்றுக்குத் தொடக் கூடாது என்றிருந்தது. நம் கணக்கில் அது மூன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகம். தெருவிளக்கும் சிறு சாலையும் சுடுகாட்டுப் பாதையும் கல்லறைப் பாதையும் பாலமும் இதற்குள் அடங்க வேண்டியிருந்தது.

இந்நிபந்தனை முழுதும் தவறு என்று நாம் சொல்லமாட்டோம். நிபந்தனையின்றித் தந்தால் சிமெண்டுச் சாலையும் அலங்கார வளைவும் எழும்பியிருக்கும். குழாயில் தண்ணீர் வந்திராது. இதை நம் பங்கின் ஊர்களிலேயே கண்டிருக்கிறோம். ஆயினும் கடலோர ஊருக்கும் மலையூருக்கும் கரிசல் காட்டு ஊருக்கும் ஒரே 60 விழுக்காட்டுச் சட்டை தைத்துப் போட்டது எவ்வகை நீதி? சிறிய சமூகம் தானே செய்துகொள்ளக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தம் சமூகச் சுற்றுமடலில் எழுதினார். தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவ்வாறு பறிபோகக் கூடியதே.

இதில் ஒரு வாயில் திறந்திருந்தது. சுகாதாரம், குடிநீர் என்னும் இவ்விரண்டில் ஒன்றின் தேவை ஊரில் முழுமையாக நிறைவேறிவிட்டால், அப்பங்கை மற்றொன்றுக்குத் திருப்ப முடிந்தது. அதைக் கிராம சபை உறுதி செய்ய வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஆனால் பாலத்துக்குத் திருப்ப முடியாதிருந்தது. அந்த அம்மையார் மறைக்காமல் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்.

மேலும் ஒன்று கேட்டோம். “அப்படியானால் ஊர் தன் இஷ்டப்படி செலவிடக் கூடிய பணம் வேறு இல்லையா?” அவர் புன்னகையோடு வீட்டு வரிப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வீட்டு வரியும் தொழில் வரியும் குடிநீர்க் கட்டணமும்தான் ஊராட்சியின் சொந்தக் காசு. பதிவேட்டில் நம் கிளைப்பங்கு மக்களின் பெயர்களுக்கு எதிரே மூன்றாண்டு, நான்காண்டு பாக்கி. பாலத்துக்காக உரக்க ஏசிய அந்த மகனின் பெயரும் அதில் இருந்தது. அடுத்த ஞாயிறு அதைப் பற்றிப் பேசினோம். சிலர் முகம் சுளித்தனர்.

அவ்வாண்டு மழை விட்டபின், 2023 சனவரி 26-ஆம் நாள் கிராம சபைக்கு நம் மக்கள் முதன்முறையாகத் திரளாகச் சென்றனர். அதுவரை சபை என்றால் கையெழுத்துக்கு ஆள் சேர்ப்பது என்றே நினைத்திருந்தார்கள். பாலத்தை அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில், நிபந்தனையற்ற பங்கில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. திட்டத்தில் ஏறாத வேலைக்கு அப்பணத்தை எடுக்க முடியாது. ஊராட்சியின் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் என்னும் இணையதளத்தில் எவரும் காணும்படி இருக்கின்றன; ஒரு கல்லூரி மாணவி தன் கைப்பேசியில் அதைத் திறந்து, முந்திய ஆண்டின் செலவை முதியோருக்கு வாசித்துக் காட்டினாள். கேள்விகள் பல எழுந்தன. சிலவற்றுக்குத் தலைவி விடை சொல்லத் தடுமாறினார். அதுவும் நல்லதே.

பணம் வரும் பாதையையும் ஒரு சொல்லில் கூறிவிடுவோம். பதினைந்தாவது குழுவின் காலத்தில் ஆண்டுக்கு இரு தவணையாக அது மாநில அரசுக்கு வந்தது. பத்து வேலை நாட்களுக்குள் மாநிலம் அதை உள்ளாட்சிகளுக்கு அனுப்பியாக வேண்டியிருந்தது. தவறினால் வட்டி சேர்த்துத் தர வேண்டியிருந்தது. கணக்கைத் தணிக்கை செய்து இணையதளத்தில் ஏற்றாத ஊராட்சிக்கு மானியம் இல்லை.

இவற்றினும் பெரிய நிபந்தனை ஒன்றுண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருக்கும் ஊராட்சிக்கே மத்திய நிதிக்குழுவின் மானியம் உரியது. நமது மாநிலம் இதனால் பட்ட பாடு சிறிதன்று. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 27 மாவட்டங்களில் 2019 திசம்பர் இறுதியில்தான் கிராமப்புறத் தேர்தல் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. இடையில் தனி அலுவலர்கள் ஆண்டனர். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை என்று காட்டி மத்திய அரசு நமக்குரிய பணத்தில் பெரும் பகுதியை நிறுத்தி வைத்தது. தேர்தலை நடத்தாதது ஊராட்சியா? வாக்குச்சாவடிக்கு வர மறுத்தது நம் மக்களா? குற்றம் எங்கோ நிகழ, தண்டனை குடிநீர்த் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. சட்டத்தின் நோக்கம் மாநிலங்களைத் தேர்தல் நடத்தச் செய்வதே என்பதை அறிவோம். ஆயினும் தந்தை செய்த பிழைக்குப் பிள்ளையின் சோற்றைப் பிடுங்கும் முறை நமக்கு ஏற்புடையதாக இல்லை.

2019-இல் தேர்தல் கண்ட ஊராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. உரிய காலத்தில் அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. மீண்டும் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். அர்விந்த் பனகாரியா தலைமையிலான பதினாறாவது நிதிக்குழு, 2026 முதல் 2031 வரையிலான காலத்துக்குரிய அறிக்கையை 2025 நவம்பரில் குடியரசுத் தலைவரிடம் அளித்தது.

நமது கிளைக் கிராமத்துப் பாலத்தைச் சொல்ல மறந்தோம். 2024 கோடையில் ஓடையில் இரண்டு பெரிய சிமெண்டுக் குழாய்களைப் பதித்து மேலே தளம் போட்டார்கள். பக்கச் சுவர் அடுத்த தவணையில் என்று தலைவி சொல்லியிருந்தார். தவணை வருமுன் அவருடைய பதவிக் காலம் முடிந்துவிட்டது. சுவர் கேட்டுத் தனி அலுவலருக்கு ஊரார் எழுதிய மனுவில் முதற் கையெழுத்து அந்த மூத்த மகனுடையது. வீட்டு வரிப் பாக்கியை அவர் தீர்த்துவிட்டார். கயிறு கட்டித்தான் இப்போதைக்கு அடக்க ஊர்வலங்கள் கடந்து போகின்றன.