படம் பொய் சொல்லாது, எண் சொல்லலாம்

1977 ஜூலை 3 அன்று, நியூயார்க்கில் டாக்டர் ரேமண்ட் டமாடியனும் அவரது உதவியாளர்களும் உயிருள்ள ஒரு மனிதரின் மார்பை எம்.ஆர்.ஐ. முறையில் படமெடுத்தார்கள். ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம். அதற்கு ஆன நேரம் கிட்டத்தட்ட ஐந்து மணி. இன்று அதைவிடப் பல மடங்கு தெளிவான படம் சில விநாடிகளில் கிடைக்கிறது.

இந்த வேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. குழாய்க்குள் அசையாமல் படுத்திருப்பது பெரியவர்களுக்கே சிரமம். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கவேண்டியிருக்கிறது. நோயாளி அசைந்தால் படம் கலைந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் ஸ்கேனுக்குக் காத்திருப்போரின் வரிசையும் நீளமானது. அரை மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிந்தால் எல்லோருக்கும் லாபம்.

இந்த வேகம் எப்படி வந்தது? எம்.ஆர்.ஐ. கேமரா மாதிரி ஒரே சொடுக்கில் படம் எடுப்பதில்லை. உடலிலிருந்து வரும் ரேடியோ சிக்னலை வரி வரியாகச் சேகரிக்கிறது. பிறகு கம்ப்யூட்டர் அந்த வரிகளைப் படமாக மாற்றுகிறது. நேரத்தை மிச்சப்படுத்த எளிய வழி, சில வரிகளைச் சேகரிக்காமல் விட்டுவிடுவது. விட்டுப்போனதை நிரப்ப 1990களின் இறுதியில் பல சிக்னல் வாங்கிகளை ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறை வந்தது. 2007இல் புதிய கணித முறை ஒன்று சேர்ந்தது. அதன்பின் வந்தது செயற்கை நுண்ணறிவு.

நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கும் 2018இல் தொடங்கிய கூட்டு ஆய்வு இதில் பிரபலமானது. வழக்கமாகச் சேகரிப்பதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தகவலை மட்டும் வைத்து அவர்கள் முழங்கால் படங்களை உருவாக்கினார்கள். டாக்டர்கள் முழுப் படத்தைப் பார்த்துச் சொன்ன முடிவையே இந்தப் படங்களைப் பார்த்தும் சொன்னார்கள் என்று 2020இல் அறிவிக்கப்பட்டது.

நல்ல செய்திதான். ஆனால் அங்கே கேட்கப்பட்டது சவ்வு கிழிந்திருக்கிறதா இல்லையா என்பது போன்ற கேள்வி. நாவலில் மூன்று பக்கத்தைத் தாண்டி நாலாவது பக்கத்தை மட்டும் படித்தாலும் கதை ஓரளவு பிடிபடும். கடைக் கணக்குப் புத்தகத்தை அப்படிப் படித்து மொத்தக் கூட்டலைச் சொல்ல முடியுமா? இன்றைய மருத்துவம் எம்.ஆர்.ஐ.யிடம் கதையோடு கணக்கும் கேட்கிறது. எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு இரும்பு, எத்தனை சதவீதம் சுருக்கம்?

தலசீமியா நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளி சமூகங்களில் இந்தப் பரம்பரை ரத்தக் குறைபாடு அதிகம். ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடலில் வழி இல்லை. அது இதயத்தில் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க உதவுவது எம்.ஆர்.ஐ. தரும் 'டி-2 ஸ்டார்' என்ற எண். இரும்பு அதிகமானால் இதயத் தசையிலிருந்து வரும் சிக்னல் சீக்கிரம் மங்கும். மங்கும் நேரம் 20 மில்லி விநாடிக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 10க்குக் கீழே போனால் நிலைமை கடுமை. இரும்பை வெளியேற்றும் மருந்தை எவ்வளவு தீவிரமாகக் கொடுப்பது என்பதை முடிவுசெய்வதில் இந்த எண்ணுக்கு முக்கியப் பங்கு உண்டு.

வேகம் இங்கேதான் விளையாடுகிறது. ஸ்கேன் நேரத்தைக் கால்பங்காக்கினால், இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னலின் பலம் குறைந்தது பாதியாகிவிடும். சிக்னல் முழுக்க மங்கிய பிறகும் இரைச்சல் மட்டும் குடத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் போல எஞ்சி நிற்கும். கம்ப்யூட்டர் அதையும் சிக்னல் என்று எண்ணினால், சிக்னல் மெதுவாக மங்குவது போலத் தெரியும். 9 என்று வரவேண்டிய எண் 11 ஆகிவிடலாம். கடுமையான நிலையில் இருப்பவர் மிதமான நிலையில் இருப்பதாக ரிப்போர்ட் சொல்லும். இரும்பு எவ்வளவு அதிகமோ, சிக்னல் அவ்வளவு சீக்கிரம் மங்கும் என்பதால், யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடம்தான் இந்தத் தவறும் அதிகம். கடைசியில் எஞ்சும் இரைச்சலைக் கணக்கிலிருந்து நீக்க வழிகள் உண்டு. எல்லா ஸ்கேன் சென்டரிலும் அதைச் செய்கிறார்களா என்பதுதான் கேள்வி.

செயற்கை நுண்ணறிவு இரைச்சலைத் துடைத்துவிடுமே என்று கேட்கலாம். படம் பளிச்சென்று ஆகும் என்பது உண்மை. ஆனால் இத்தகைய முறைகளில் மிகச் சிறிய மாற்றம்கூடப் படத்தில் இல்லாததைக் காட்டவோ நுண்ணிய விவரத்தை மறைக்கவோ செய்யலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கரகரப்பான படம் தன் பலவீனத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடும். துடைத்த படம் அதையும் மறைத்துவிடும்.

ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல். ஆரோக்கியமான முதியவரின் மூளை ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் சுருங்கும். அல்சைமர் நோயாளிக்குச் சுமார் 2 சதவீதம். ஒரே கருவி எப்போதும் ஒரே மாதிரித் தவறினால், ஒப்பிடும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். இரண்டு ஸ்கேனுக்கு நடுவே வேகமான முறைக்கு மாறினால், அந்த மாற்றமே ஒரு சதவீத வித்தியாசத்தைக் காட்டலாம். கருவி மாறியதை நோய் முற்றியதாக எண்ணிவிடுவோம்.

இதற்காக வேகத்தைக் கைவிட வேண்டியதில்லை. அசைவால் கெடும் அளவீடு வேகத்தால் சீராவதும் உண்டு. தேவை இரண்டு விஷயங்கள். புதிய முறைக்கு மாறும் சென்டர், சில நோயாளிகளைப் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் அளந்து பார்க்கவேண்டும். படம் அழகாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்வது போதாது. எண்கள் ஒத்துப்போக வேண்டும். அடுத்து, எந்தக் கருவி, எந்த முறை, எவ்வளவு பிழை வரலாம் என்பதை ரிப்போர்ட்டில் எழுதவேண்டும்.

நோயாளிகளும் கேட்கலாம். போன தடவை எடுத்த அதே கருவியா, அதே முறையா? பழைய சி.டி.யைப் பத்திரமாக வைத்திருந்து டாக்டரிடம் காட்டலாம். தராசு மாறியது தெரியாமல் எடை கூடியதா குறைந்ததா என்று சொல்ல யாராலும் முடியாது.