கால் பிடிச்சு விட்ட கைக்கு யார் மருந்து போடுறது?

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க. ஆனா சொல்ல வந்ததை மாத்திக்க மாட்டேன்.

முந்தாநாள் நம்ம தொண்டர் வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் போட்ட செய்தி. "தொண்டு செய்றவன் உடம்பு வலியைப் பத்திப் பேசக்கூடாது, முருகன் பார்த்துக்குவான்." அதுக்குக் கீழ இருபது பேர் கை கும்பிட்டு வச்சிருந்தீங்க. நான் கும்பிடல. ஏன்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன்.

அவர் யாரை மனசுல வச்சு எழுதினார்னு நமக்கெல்லாம் தெரியும். நம்ம பந்தல்ல வருஷா வருஷம் காவடி எடுத்து வர்றவங்களுக்குக் கால் பிடிச்சு விடுற அக்கா. பத்துமலையில 272 படி ஏறி இறங்கி வர்றவன் கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும். அக்கா நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, கட்டை விரலை வச்சு ஒரு அழுத்து அழுத்துனா அவன் கத்துவான், அப்புறம் எந்திரிச்சு நடப்பான். தைப்பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்தவங்க மறுநாள் விடியும் வரைக்கும் எழுந்திருக்கல. தரையில பாய் மேல. எத்தனை கால்னு யாரும் எண்ணல. நான்தான் தண்ணி ஊத்தி விட்டேன், எனக்குத் தெரியும். நடுவுல ஒரு கப் மைலோ குடிச்சாங்க, அவ்வளவுதான்.

அக்காவுக்கு அதுதான் தொழிலும். பிள்ளை பெத்தவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு உருவி விடுறது, வயசானவங்களுக்கு முதுகு நீவி விடுறது. கை ஓடினாத்தான் அன்னிக்கு வரும்படி.

இப்ப அந்தக் கை ஓடல. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூணும் மரத்துப் போகுது. ராத்திரி எரிச்சல்ல எழுந்து கையை உதறிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களாம். போன வாரம் கோயில்ல சாம்பார் வாளியைத் தூக்கப் போய்க் கீழ விட்டுட்டாங்க. நாம சிரிச்சோம். நானும் சிரிச்சேன், அதை மறைக்க மாட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரியில பார்த்துட்டு மணிக்கட்டுல நரம்பு நசுங்குதுன்னு சொல்லியிருக்காங்க. ஒரே அழுத்தத்தை வருஷக்கணக்கா கொடுக்கிற கைக்கு இது வரும். எங்க பேக்டரியில ஸ்க்ரூ முடுக்குற பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் வந்திருக்கு. அங்க பிசியோ பார்க்கிற பெண் அக்காகிட்ட ஒரு கேள்வி கேட்டாங்களாம். "ஊருக்கெல்லாம் நீங்க பிடிச்சு விடுறீங்க, உங்களுக்கு யார் பிடிச்சு விடுறா?" அக்கா பதில் சொல்லலையாம். என்கிட்ட சொல்லும்போதும் சொல்லல.

இப்ப அந்தச் செய்தியை மறுபடி படிங்க. முருகன் பார்த்துக்குவானாம்.

ஐயா, நம்ம சாமிக்கு நாம என்ன பண்றோம்? தினமும் எண்ணெய்க் காப்பு, பால், தயிர், சந்தனம்னு குளிப்பாட்டுறோம். மத்தியானம் நடை சாத்துறோம். ராத்திரி பள்ளியறையில தூங்க வைக்கிறோம். 12 வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் வச்சு அஷ்டபந்தனம் சாத்துறோம், சிலைக்கும் பீடத்துக்கும் நடுவுல இருக்கிற பிடிமானம் நாளாக நாளாகத் தேயும்னுதானே? அதுக்குப் பேரே மருந்துன்னு சொல்றோம். கல்லுல செஞ்ச திருமேனிக்கு ஓய்வும் எண்ணெயும் மருந்தும் வேணும்னு ஆகமத்துல எழுதி வச்சவங்க, சதையும் நரம்பும் உள்ள தொண்டனுக்கு வேண்டாம்னா சொல்லியிருப்பாங்க? திருமூலர் உடம்பைக் காப்பாத்தச் சொன்ன சித்தர். அவர் படத்தை மண்டபத்துல மாட்டி வச்சிருக்கோம், மாலையும் போடுறோம்.

காவடி எடுக்கிறதே வலிதானேன்னு இன்னொருத்தர் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆனா காவடி எடுக்கிறவன் அன்னிக்குக் காலையில எழுந்து நேரா தோள்ல வைக்கிறானா? விரதம் இருக்கான், சைவம் சாப்பிடுறான், தரையில படுக்கிறான், உடம்பையும் மனசையும் வாரக்கணக்குல தயார் பண்றான். ஒரு நாள் சுமக்கிறான். இறக்கி வச்சதும் கால் பிடிச்சு விட நாலு பேர் இருக்கோம். தொண்டனுக்கு இதுல எது இருக்கு? ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்து அண்டா தூக்குறான். வருஷம் பூரா.

நான் பிளாஸ்டிக் மோல்டிங் பேக்டரியில சூப்பர்வைசர். மெஷின் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாசம் ஒரு நாள் நிறுத்துவோம். எண்ணெய் பார்க்கணும், பில்டர் மாத்தணும், கிரீஸ் அடிக்கணும். "நல்லாத்தானே ஓடுது, ஆர்டர் நிக்குது, அடுத்த மாசம் பார்க்கலாம்"னு ஒரு மேனேஜர் சொன்னார். அடுத்த மாசமும் அதையே சொன்னார். மூணாவது மாசம் மெஷின் நாலு நாள் படுத்துடுச்சு. அந்த மேனேஜரைக் கேண்டீன்ல கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. ஆனா நம்ம உடம்புக்கு நாம எல்லாரும் அந்த மேனேஜர்தான்.

என் கதையையும் கேளுங்க. 2013-ல சொக்சோ, 40 வயசு ஆன தொழிலாளிகளுக்கு இலவச மருத்துவப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பிச்சாங்க. எனக்கும் வவுச்சர் வந்துச்சு. சாமி மேடை டிராயர்ல, விபூதிப் பொட்டலத்துக்குக் கீழ பத்திரமா வச்சேன். அங்கேயே காலாவதி ஆயிடுச்சு. லைன்ல பிள்ளைங்களைக் காதுல இயர்பிளக் போடலன்னா திட்டுறவன் நான். பல வருஷம் கழிச்சு, கோயில் வாசல்ல செருப்பில்லாம நின்னு கார் பார்க்கிங் பார்த்தேன். கால்ல ஆணி குத்தினது தெரியல. வீட்டுக்கு வந்து மனைவி ரத்தத்தைப் பார்த்துத்தான் சொன்னாங்க. கிளினிக்ல இனிப்பு நீர் 14-க்கு மேல. ஒரு விரல் போகாம தப்பிச்சது என் புத்திசாலித்தனத்தால இல்ல.

இது என் ஒருத்தன் கதையும் இல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல வயசு வந்தவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்கள்ல ஏறக்குறைய பத்துக்கு மூணு பேர். பந்தல்ல சர்க்கரைப் பொங்கல் கிண்டுற பத்துப் பேரை நிக்க வச்சு எண்ணிப் பாருங்க.

காசில்லன்னு சொல்லாதீங்க. அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி. உதவித்தொகை வாங்குற குடும்பத்துல 40 வயசு தாண்டினவங்களுக்கு பெக்கா பி40-ல பரிசோதனை இலவசம். சொந்தத் தொழில் செய்றவங்களும் சொக்சோவுல பதிஞ்சுக்கலாம். அக்கா பதியல, ஏன்னா நாம யாரும் சொல்லித் தரல. போன திருவிழாவுல வாண வேடிக்கைக்குச் செலவு பண்ணத் தெரிஞ்ச நமக்கு, கால் பிடிக்கிறவங்களுக்கு ஒரு மேசை வாங்கத் தெரியல. மசாஜ் ஏதோ பணக்காரங்க ஸ்பாவுல பண்ற சொகுசுன்னு கமிட்டியில ஒருத்தர் சிரிச்சார். அவர் போன வருஷம் அதே பந்தல்ல ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

ஞாயித்துக்கிழமை பூஜை முடிஞ்சு கூட்டம் இருக்கு. நான் எழுதிக் கொண்டு வருவேன். கால் பிடிக்கிறவங்க தரையில உட்காரக்கூடாது, வர்றவங்க உயரமா உட்காரணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் மாறணும். விரல் நுனியாலயே அழுத்தாம முழங்கையையும் உடம்பு பாரத்தையும் எப்படி வைக்கிறதுன்னு அந்த பிசியோ பெண்ணையே கூப்பிட்டுக் கத்துக்கணும். அவங்க வரத் தயார், கேட்டுட்டேன். பந்தல் பிரிக்கிறதுக்கு முன்னாடி, பிடிச்சு விட்டவங்களுக்கு நாம பிடிச்சு விடணும். மாசம் ஒரு தடவை தொண்டர்கள் எல்லாருக்கும் ரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் பார்க்கணும். பேரைக் கூப்பிட்டா வரணும், "எனக்கு ஒண்ணுமில்ல"ங்கிற பேச்சு வேண்டாம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு யாராவது சொன்னா அந்த மேனேஜர் கதையைக் கூட்டத்துல இன்னொரு தடவை சொல்லுவேன். எனக்கு அலுப்பே இல்ல.

அக்காவுக்கு வர்ற வியாழக்கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரி. என் காடியில கூட்டிட்டுப் போறேன். எனக்கும் அன்னிக்கு ரத்தம் எடுக்கிற நாள்தான், ரெண்டு பேரும் வெறும் வயித்தோட போறோம். அபிஷேகக் குடம் கழுவ அன்னிக்குக் காலையில வேற ஆள் பாருங்க.