திரும்பி வரும் பிள்ளைக்குக் கரை வேண்டாமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளை நாம் வழியனுப்பும் அழகைப் பற்றித்தான் எழுதுகிறேன். பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ், கோயிலில் ஜெபம், சால்வை, ஆளுக்கொரு செல்பி. "நம்ம ஊர்ப் பிள்ள லண்டனுக்குப் போவுது!" சந்தோஷம்தான், நானும் லைக் போடுகிறேன். ஆனால் அந்தப் பிளக்ஸில் சிரிக்கிற பிள்ளை ஆறு மாதம் கழித்து "எனக்கு முடியல, நான் வந்துடுறேன்" என்று சொல்ல நினைத்தால், முதலில் அதன் கண்ணில் தெரிவது அந்தப் பிளக்ஸ்தான். துணி கிழிந்து போயிருக்கும், ஊர் மறந்திருக்காது.

இதைப் பேசினாலே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "நாங்க சவுதியில கெடக்கலியா? கப்பல்ல வருசக்கணக்கா ஓடலியா? எங்களுக்கு மனநலம் கினநலம்னு ஒண்ணும் வரலியே!"

அண்ணாச்சிமார்களே, உங்கள் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். நீங்கள் போன முதல் மாதத்திலிருந்து சம்பளம் வந்தது. இந்தப் பிள்ளை போன முதல் நாளிலிருந்து பணம் போகிறது. நீங்கள் ஒரு அறையில் பத்துப் பேர் கிடந்தீர்கள், அதில் மணப்பாட்டுக்காரர் ஒருவர், உவரிக்காரர் ஒருவர் என்று நம் பேச்சு பேச ஆள் இருந்தது. கப்பலில் நான்கு நாள் ஒருவன் சாப்பிட வரவில்லை என்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள். இந்தப் பிள்ளை இருக்கும் அறைக் கதவை யார் தட்டுகிறார்கள்? டிசம்பர் மாதம் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெயிலிலும் உப்புக் காற்றிலும் வளர்ந்த பிள்ளை அந்த இருட்டில் வேலை முடிந்து வந்து, நமக்கு வீடியோ கால் போட்டுச் சிரிக்கிறது. அந்தக் காலத்தில் கடிதத்தில் மாதம் ஒரு பொய் எழுதினால் போதும், "நலம், நலமறிய ஆவல்" என்று. இப்போது தினமும் முகத்தைக் காட்டிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னது. ஐந்து ஆண்டுகளில் வெளிநாடுகளில் இறந்த இந்திய மாணவர்கள் 633 பேர். கனடாவில் மட்டும் 172. விபத்து, நோய், தாக்குதல் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. எல்லாவற்றையும் மனவேதனையில் சேர்க்க முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மரண விசாரணை நீதிமன்றம் தனியாகவே ஆராய்ந்தது. 2009 முதல் 2015 வரை வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த 27 பேர் அங்கே தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர் மாணவர்களோடு ஒப்பிட்டால், அதற்கு முன் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போனவர்கள் இவர்களில் மிகக் குறைவு.

ஏன் போவதில்லை? அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் இருக்கிறார், பெரும்பாலும் இலவசம். பேசியதை வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. கவுன்சிலரிடம் பேசியதற்காக விசா ரத்தாகாது. இவ்வளவும் இருந்தும் நம் பிள்ளை போகாததற்குக் காரணம், அதன் நெஞ்சில் கிடக்கும் கல் நம் வீட்டில் ஏற்றிவிட்ட கல். ஆலோசகர் தூங்க வழி சொல்வார், மூச்சுப் பயிற்சி சொல்வார். அம்மாவின் நகை அடகில் இருப்பதை அவர் என்ன செய்வார்?

கடன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நோயில் பாதி இங்கேதான் இருக்கிறது. கல்விக் கடனில் பெரிய தொகை என்றால் பொதுவாக வீட்டையோ நிலத்தையோ ஈடு கேட்பார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை என்பார்கள். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்து ஓடும். பிரிட்டன் விசாவுக்குப் படிப்புச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் வேண்டிய பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்த 28 நாளுக்கு மட்டும் வட்டிக்குப் பணம் ஏற்பாடு செய்து தரும் ஏஜெண்டுகள் உண்டு. விசா வந்ததும் பணத்தை எடுத்துக்கொள்வார்கள். காகிதத்தில் லட்சங்கள் வைத்திருந்த பிள்ளை கையில் சில நூறு பவுண்டோடு போய் இறங்குகிறது. அங்கே வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கச் சட்டம் இடம் தராது. மீறினால் விசாவுக்கே ஆபத்து. மீறாவிட்டால் வாடகைக்கு வழியில்லை. தூக்கம் எப்படி வரும்?

அந்த ஏஜெண்டுக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்துதான். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பிடித்த மீனுக்கு அவன் சொன்னதுதான் விலை என்பது நமக்குத் தெரியாததா? மீனில் ஏமாறாத நாம் பிள்ளை விஷயத்தில் ஏமாறுகிறோம். உள்ளூர் மாணவனைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்களும் யோக்கியம் இல்லை. ஆண்டுக்கு ஒரு "வெல்னஸ் வாரம்" நடத்திப் போஸ்டர் ஒட்டினால் கடமை முடிந்ததா? கட்டணத் தவணை தவறிய பிள்ளைக்கு முதலில் போக வேண்டியது எச்சரிக்கை மெயிலா, நலம் விசாரிக்கும் போனா?

சரி, அவர்களை நாம் இங்கிருந்து திருத்த முடியாது. நம்மைத் திருத்தலாம்.

நம் கரையில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. மீன்பாடு இல்லாமல் படகு திரும்பினால் யாரும் கைகொட்டிச் சிரிப்பதில்லை. டீசல் காசுகூடத் தேறவில்லையே என்று வருத்தப்படுவோம், மறுநாள் கடல் பார்ப்போம். காற்றில் மாட்டிக்கொண்டவன் லட்ச ரூபாய் வலையைக் கடலிலேயே அறுத்துவிட்டு வந்தால், "வலை போனாப் போவுது, ஆள் வந்தாச்சே" என்றுதான் கரையில் நிற்கும் பொம்பளைகள் சொல்வார்கள். அந்த வலையும் கடனில் வாங்கியதுதான். அவனை யாரும் கோழை என்பதில்லை.

படிப்பைப் பாதியில் விட்டு வரும் பிள்ளையிடம் மட்டும் ஏன் வேறு நாக்கு பேசுகிறோம்? "என்ன, அனுப்பிட்டாங்களா?" "அங்க என்ன பிரச்சின பண்ணினான்?" "இவ்வளவு காசும் போச்சே!" பிள்ளை காதுபடவே பேசுகிறோம். ஒரு பிள்ளை திரும்பி வந்து வாங்கும் பேச்சை, அங்கேயே இருக்கும் ஐந்து பிள்ளைகள் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் மனநோய் என்றால் ஜெபக்கூட்டம், உயிரை மாய்த்துக்கொண்டால் பாவம், கோயிலடக்கம் கிடையாது என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. 1917-இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இருந்தது உண்மை. 1983-இல் வந்த சட்டத்தில் அது இல்லை. கடுமையான மனவேதனையும் அச்சமும் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவருடைய மீட்பில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் 1992-இல் வந்த மறைக்கல்வி நூல் சொல்கிறது. நம் நாட்டின் 2017 மனநலச் சட்டமும், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. திருச்சபையும் அரசும் மாறியாயிற்று. நம் திண்ணைப் பேச்சுதான் மாறவில்லை. ஜெபம் செய்யுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? காய்ச்சலுக்கு ஜெபமும் மாத்திரையும் சேர்த்துத்தானே தருகிறோம்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு என் வேண்டுகோள். டிக்கெட் போடும்போதே, அவசரத்துக்குத் திரும்பி வரும் டிக்கெட் காசைப் பிள்ளையின் பெயரில் தனியாகப் போட்டு வையுங்கள். எதற்கென்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "முடியலன்னா வந்துரு மக்கா. கடன நாங்க பாத்துக்கிடுதோம்." போனில் கடன் பேச ஒரு நாள், சும்மா பேச மற்ற நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். "சாப்டியா?" என்று கேட்டபின் "யாரோட சாப்ட்ட?" என்றும் கேளுங்கள். தினமும் "தனியாத்தான்" என்று பதில் வந்தால், அடிக்கடி போனை எடுக்காமல் போனால், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், கேமராவை அணைத்தே பேசினால், அட்ஜஸ்ட் பண்ணு என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் இருக்கும் நம் ஆள் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் நகரத்துக்கு நம் பக்கத்துப் பிள்ளை யார் வந்திருக்கிறது என்று விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஒரு மீன்குழம்பு வையுங்கள். அந்த ஊர் மீன் சப்பென்றுதான் இருக்கும், பரவாயில்லை.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, கனடா இரண்டிலும் 988. பிரிட்டனில் 116 123. ஆஸ்திரேலியாவில் 13 11 14. இங்கே இருக்கும் பெற்றோருக்கும் மனசு தாங்காமல் போகலாம். 14416-க்குப் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.