குருத்தழுகிய தென்னையும் அயலார் தோப்பும்

தென்னைக்கு உள்ளது ஒரே குருத்து. அது அழுகினால் மரமே அழியும். மழைக்காலத்தில் நடுக்குருத்து மஞ்சளித்து வாடி, இழுத்த மாத்திரத்தில் துர்நாற்றத்துடன் கையோடு வருமாயின், அது குருத்தழுகல் நோயெனக் கொள்க. கோதாவரிக் கழிமுகத்துப் பனைகளை மாய்த்த இப்பூஞ்சணத்தை 1907-ல் பட்லர் என்னும் நிபுணர் விவரித்தார்.

ஆரம்பத்தில் கண்டால் அழுகிய பாகத்தைச் செதுக்கியெடுத்து, போர்டோ பசை தடவி, புதுக்குருத்து வெளிவரும்வரை மழைநீர் புகாது மூடிவைத்தல் வேண்டும். அண்டை மரங்களின் கொண்டையில், 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ சேர்த்த போர்டோ கலவையைத் தெளித்தல் நலம்.

முற்றிய மரத்திற்குப் பரிகாரமில்லை. ஆயினும் கீழ்மட்டைகள் பசுமையாயிருப்பதாலும், காய்கள் சில மாதம் முற்றுவதாலும், சொந்தக்காரர் அதனை வெட்ட மனங்கொள்வதில்லை. அச்சில காய்களுக்காக அயலார் தோப்பு முழுவதும் அபாயத்திற்குள்ளாகிறது. பட்ட மரம் மக்கிய பின் காண்டாமிருக வண்டுக்கும் இருப்பிடமாகிறது.

அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோய்ப்பயிரை அழிக்குமாறு சொந்தக்காரருக்குக் கட்டளையிட 1919-ஆம் வருஷத்துச் சட்டம் வழிவகுத்தது. எனினும், கட்டளைக்குக் காத்திருத்தல் விவேகமன்று. ஏழைக் குடியானவருக்கு ஒரு மரமும் பெருநஷ்டமே. ஆதலின் வெட்டுக்கூலியை அண்டைத் தோப்புக்காரர்கள் பகிர்ந்துகொள்வதே நியாயம், பயனடைவோர் அவர்களே. கிராம அலுவலர்கள் மழைக்கு முன்னரே தோப்புகளைப் பார்வையிட்டு, நோய்கண்ட கொண்டைகளை அவ்விடத்திலேயே எரிக்கச் செய்வார்களாக.